பக்கம் 143, அடிக்குறிப்பு 61

“என்ன காரணத்துக்காகத் திருப்பி அனுப்புறீங்கன்னு எழுதித் தாங்க சார்” என்று கேட்டேன்.

என் வழிகாட்டி கிருஷ்ணவேணி டீச்சர் ஐந்து வருடத்தில் எனக்கு விதித்த தடை இது ஒன்றுதான். “அந்த செக்‌ஷன்ல போய் அழு. கால்ல விழு. மயக்கம் போட்டு வேணும்னாலும் விழு. எழுதித் தாங்கன்னு மட்டும் வாயைத் திறந்துடாதே” என்று சொல்லியிருந்தார். சொல்லிவிட்டுப் போன மாதம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது பேரும் வேலையை நிறுத்தினார்கள். சரியாகச் சொன்னால் இரண்டு பேர் வேலையை நிறுத்தினார்கள். மற்றவர்கள் தலையை நிமிர்த்தினார்கள்.

திருவனந்தபுரத்தில் மலைப்புற மேம்பாட்டு உயர் ஆய்வு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. அதன் மூன்றாவது மாடியில் ஆய்வேட்டு வடிவச் சரிபார்ப்புப் பிரிவு. மலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்புகள் பற்றிய என் ஆய்வேட்டை மூன்று நிபுணர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். வாய்மொழித் தேர்வும் முடிந்தது. இந்தப் பிரிவு ‘வடிவம் சரி’ என்று ஒரு முத்திரை குத்தினால் தற்காலிகச் சான்றிதழ் கிடைக்கும். அதை வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் கொடுத்தால் ஒரு கல்லூரியில் எனக்கு விரிவுரையாளர் வேலை. கொடுக்காவிட்டால் பட்டியலில் இரண்டாவதாக இருப்பவருக்கு அந்த வேலை. நான் கேட்டது திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு.

குற்றம் என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிரிவின் சரிபார்க்கும் கருவி ஓர் எக்ஸ்ரே படம். எப்போதோ சூப்பிரண்டாக இருந்த ஒருவரின் நெஞ்சு. நடுவில் சன்னல் மாதிரி செவ்வகமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். அதை ஒவ்வொரு பக்கத்தின் மேலும் வைத்துப் பார்ப்பார்கள். எழுத்தெல்லாம் சன்னலுக்குள் இருக்க வேண்டும். என்னுடைய 312 பக்கங்களில் 311 பக்கம் அடங்கிவிட்டது. பக்கம் 143, அடிக்குறிப்பு 61-இல் ஓர் அறிக்கையின் இணைய முகவரி இருந்தது. மொத்தம் தொண்ணூற்றாறு எழுத்து, நடுவில் மூச்சு விடாமல் ஒரே ஓட்டம். கடைசிப் பதினொரு எழுத்தும் சன்னலைத் தாண்டி முன்னாள் சூப்பிரண்டின் நுரையீரலுக்குள் போய்விட்டன.

“எட்டி பிள்ளே, ஒனக்குக் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா?” என்று மெதுவாகக் கேட்டார் உதவியாளர் பகவதிப்பெருமாள். நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் வருபவர். “நாளைக்கி வா, நாளான்னைக்கி வான்னு சொல்லி, ஒரு நாளு நானே கண்ண மூடிட்டுச் சீல அடிச்சிருப்பேன். இனி எப்பிடிச் செய்வேன்? எழுத்துல கேட்டுட்டியே.”

சூப்பிரண்ட் ஸ்ரீகுமார் சார் கண்ணாடியைக் கழற்றினார். தமிழ்ப் பிள்ளைகளிடம் தமிழில்தான் பேசுவார். அந்தத் தமிழில் பாதி மலையாளம்.

“குட்டி இரி. நான் பறையுறது கேளு. மார்ஜின் உண்டல்லோ, அது வெறும் வெள்ளை இடம் இல்ல. இந்த இன்ஸ்டிட்யூட்டோட அந்தஸ்து முழுக்க அவிடெயாணு. உள்ள என்ன எழுதியிருக்குன்னு ஆர் நோக்கும்? நான் இருபத்தியாறு வருஷம் சர்வீஸ். ஒரு தீசிஸும் வாயிச்சதில்ல. ஆனா ஒரு மார்ஜினும் விட்டதில்ல.”

“சரி சார். அதையே எழுதித் தாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பகவதிப்பெருமாளைப் பார்த்து, “டைப் செய்யு” என்றார்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. நிறுவனத்தின் விதி 14-இன்படி, எந்தக் கடிதத்திலும் ஓர் இணைய முகவரியைக் குறிப்பிட்டால் முழுதாகக் குறிப்பிட வேண்டும். நிராகரிப்புக் கடிதத்தில் எந்த முகவரியால் நிராகரிப்பு என்று சொல்லியாக வேண்டும். நிறுவனத்தின் கடிதத்தாளிலோ இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை மலை, அருவி, பொன்விழாச் சின்னம், இயக்குநர்களின் பெயர்கள். மிச்சமிருக்கும் இடத்தில் வரிக்கு அறுபத்தோரு எழுத்துதான் பிடிக்கும்.

பகவதிப்பெருமாள் அடித்தார். கணினி முகவரியை மொத்தமாக அடுத்த வரிக்குத் தள்ளியது. மேல்வரியில் இருந்த மூன்று சொற்களும் பல் விழுந்த வாய் போல விலகி நின்றன. அச்செடுத்துப் பார்த்தார்கள். முகவரி மார்ஜினைத் தாண்டி, தாளின் விளிம்பையும் தாண்டிப் போயிருந்தது. கடைசி இருபத்துமூன்று எழுத்து எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. பகவதிப்பெருமாள் பிரின்டருக்குள் குனிந்து பார்த்தார்.

ஸ்ரீகுமார் சார் அந்தக் கடிதத்தின்மேல் எக்ஸ்ரே படத்தை வைத்தார். மார்ஜினைத் தாண்டியதற்காக எனக்கு எழுதிய கடிதம் மார்ஜினைத் தாண்டியிருந்தது. அதில் அவரால் கையெழுத்துப் போட முடியாது.

“இது இப்போ குட்டியோட பிரச்சனை இல்ல” என்றார் கடைசியில். முகம் வெளுத்திருந்தது. “இது இன்ஸ்டிட்யூட்டின்றெ பிரச்சனை.”

என்னை நாளை வரச் சொன்னார்கள்.

தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் திருநெல்வேலிக்காரர் செல்வகணேஷ் ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறார். என் ஆய்வேட்டை அடித்துக் கொடுத்தவர் அவர்தான். விஷயத்தைச் சொன்னேன்.

“இதுக்கா யக்கா இவ்வளவு பாடு? சாய்கோட்டுக்கு அப்புறம் ஒடிச்சு அடுத்த வரிக்கு இறக்கிற வேண்டியதுதான். ஐபன் கிய்பன் போடக் கூடாது. போட்டா அதுவும் முகவரியில ஒரு எழுத்துன்னு நெனச்சு அடிச்சிருவாங்க. சும்மா ஒடிக்கணும்.” ஒடித்தார். இரண்டு வரி, மேல்வரி கொஞ்சம் குட்டை, கீழ்வரி கொஞ்சம் நெட்டை. பார்க்க நன்றாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கத்தைக் கொண்டுபோனேன். எக்ஸ்ரே சன்னலுக்குள் தாராளமாக அடங்கியது. பகவதிப்பெருமாள் முத்திரையைக் கையில் எடுத்துவிட்டார்.

“நில்லு” என்றார் ஸ்ரீகுமார் சார். “இது எத்தனை முகவரி?”

“ஒண்ணு சார்.”

“வரி ரெண்டு உண்டு. ரெண்டாமத்தே வரி ‘எச் டி டி பி’யில தொடங்குதா? இல்ல. அப்போ அதுக்கு அப்பன் ஆரு? நாளைக்கு ஒரு ஆடிட் வந்நு, ‘இந்த ரெண்டாமத்தே முகவரிக்கு அனுமதி எவிடெ’ன்னு கேட்டா நான் எந்து பறையும்? உன்னோட அடிக்குறிப்பு மொத்தம் 208-ன்னு சர்ட்டிஃபை செஞ்சாச்சு. 209 ஆக்கணும்னா முதல்லேந்நு வைவா நடத்தணும்.”

“அப்ப எழுத்தைச் சின்னதாக்கலாமா சார்?”

“பன்னிரண்டு பாயின்ட். அதுக்குத் தாழெ விதி இல்ல.”

“சுருக்கு முகவரி?”

“வெளி கம்பெனி கொடுக்குற பேரு. ஒருத்தர் வெச்ச பேரை வெளிக்காரன் சுருக்கறதா?”

“பக்கத்தைக் குறுக்கால போட்டா?”

அவர் விதிப் புத்தகத்தைத் திறந்தார். முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிந்தது. “குறுக்குப் பக்கம் மேப்புக்கு மட்டும் உண்டு” என்றார்.

“அப்ப மேப் ஆக்கிருவோம் யக்கா” என்றார் செல்வகணேஷ், அன்று மாலை கடையில். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. புதன்கிழமை காலையில் 143-ஆம் பக்கம் ஒரு மடிப்புத் தாளாகியிருந்தது. நடுவில் முகவரி மேற்கிலிருந்து கிழக்காக ஒரே வரியில் படுத்துக் கிடந்தது. மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி. கீழே அளவுகோல்: ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து எழுத்து.

பிரிவு முழுவதும் எழுந்து வந்து பார்த்தது. இரண்டு பேர் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

“கேரளத்து மேப்புன்னா கடலு வேண்டாமா பிள்ளே?” என்றார் பகவதிப்பெருமாள். கிண்டல் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை. அவருக்குப் பக்கத்தில் ஸ்ரீகுமார் சார் அதே கேள்வியைக் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தார். கடல் காட்டப்படவில்லை, மாநில எல்லை காட்டப்படவில்லை, எல்லை காட்டாத வரைபடத்துக்குத் தடையில்லாச் சான்று வேண்டும், அதற்குப் பன்னிரண்டு வாரம் ஆகும்.

“சார், எனக்கு வெள்ளிக்கிழமை வேணும்.”

“தெரியும் மோளே. அதுகொண்டல்லே நாளைக்கே சப்-கமிட்டி வெச்சிருக்கு. உனக்கு வேண்டி மட்டும். இந்த இன்ஸ்டிட்யூட்டில இதுவரை ஒரு முகவரிக்கு வேண்டி கமிட்டி கூடியதில்ல. நீ பாக்யவதி.”

நீண்ட முகவரி உபகுழு வியாழக்கிழமை மதியம் கூடியது. இரண்டு ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், ஒரு நிர்வாக அதிகாரி, ஸ்ரீகுமார் சார். எல்லை தாண்டுவது பற்றிய விவகாரம் என்பதால் கட்டடப் பிரிவு இன்ஜினீயரையும் சேர்த்திருந்தார்கள். சாயாவும் பழம்பொரியும் வந்தன. என்னைச் சுவரோரம் உட்காரச் சொன்னார்கள்.

தலைவரான மூத்த பேராசிரியர் முகவரியை எழுத்து எழுத்தாக உரக்க வாசித்தார். பகவதிப்பெருமாள் நடவடிக்கைக் குறிப்பில் எழுத்து எழுத்தாக எழுதினார். பதினெட்டாவது எழுத்தில் பேராசிரியர் நிறுத்தினார்.

“இது நம்ம இன்ஸ்டிட்யூட் வெப்சைட் அல்லே?”

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஆமாம். அந்த அறிக்கை அவர்களுடையதுதான். ஆறு வருடம் முன்பு இந்த நிறுவனமே ஆட்களை அனுப்பி, மலைத் தோட்டங்களில் எந்தெந்த லயம் மனிதர் தங்கத் தகுதியற்றது என்று வீடு வீடாகப் பார்த்து எழுதிய அறிக்கை. எங்களுக்கு அந்த வரிசை வீடுகள் லயம். நான் பிறந்தது ஏழாம் லயத்தில். அம்மா மாடம்மாள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அறிக்கையின் பட்டியலில் ஏழாம் லயம் மூன்றாவது பெயர். ‘உடனே காலி செய்யப்பட வேண்டும்’ என்று எதிரே போட்டிருக்கிறது. அறிக்கையை வெப்சைட்டில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு என்னைத் தவிர யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. கோப்புக்கு முழுத் தலைப்பையும் பெயராக வைக்க வேண்டும் என்று இவர்களுக்கு ஒரு விதி இருப்பதால் பெயர் நீண்டுவிட்டது. அதில் ‘இறுதி’ என்ற சொல் மட்டும் மூன்று இடத்தில் வருகிறது.

“நம்ம முகவரி!” என்றார் பேராசிரியர். எல்லோருக்கும் பெருமையாக இருந்தது. இன்னொரு பழம்பொரி எடுத்துக்கொண்டார்கள்.

வாசிப்பு தொடர்ந்தது. எழுபதாவது எழுத்துக்குப் பக்கத்தில் மறுபடி நின்றது. ஒரு சதவீதக் குறியும் அதன் பக்கத்தில் இருபதும் இருந்தன.

“இருபது சதவீதம்” என்றார் நிர்வாக அதிகாரி. “ஆர்க்கு?”

கோப்புக்குப் பெயர் வைத்தவர் இரண்டு சொல்லுக்கு நடுவில் ஓர் இடைவெளி விட்டுவிட்டார். கணினி இடைவெளியை அப்படித்தான் எழுதும் என்று நான் எழுந்து சொன்னேன்.

“ஒண்ணுமில்லாத இடத்துக்கு மூணு எழுத்தா?” என்றார் அவர். “ஆர் அனுமதிச்சது?”

அந்த ஒன்றுமில்லாத இடத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்கள்.

நான் சுவரோரம் உட்கார்ந்து ஒரு கேள்விக்காகக் காத்திருந்தேன். கடைசியில் இன்ஜினீயர்தான் கேட்டார். “சார், இந்த முகவரியில போனா என்னதான் இருக்கு? ஆராச்சும் திறந்நு நோக்கிட்டுண்டோ?”

“அது இந்தக் கமிட்டியோட அதிகாரத்தில் வராது” என்றார் தலைவர். இன்ஜினீயர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அந்த மன்னிப்பும் குறிப்பில் ஏறியது.

அன்று மாலை ஹாஸ்டல் வாசலில் நிற்கும்போது அம்மா போன் செய்தாள். மதியம் பெய்த மழையில் ஏழாம் லயத்தின் பின்சுவர் விழுந்துவிட்டது. மூன்றாவது வீட்டிலிருந்து ஐந்தாவது வீடு வரை. பெண்கள் எல்லாரும் தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போயிருந்ததால் யாருக்கும் ஒன்றுமில்லை.

“கட்டில் மேலதான் விழுந்துச்சு” என்றாள். “நீ பயப்படாத. தார்ப்பாய் கட்டியாச்சு. உன் சர்டிபிகேட் என்னாச்சு?”

“நாளைக்குத் தருவாங்க.”

“பின்ன என்ன? அத வாங்கு முதல்ல.”

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கோபம்கூட வரவில்லை. கால் மரத்துப்போனால் அழுத்திப் பார்ப்போமே, அப்படி உள்ளுக்குள் அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. போனில் அந்தத் தொண்ணூற்றாறு எழுத்தையும் திறந்தேன். ‘நீங்கள் தேடும் பக்கம் இல்லை’ என்று வந்தது. முகவரியைத் தப்பாக அடித்துவிட்டேனோ என்று இன்னொரு தடவை அடித்தேன். அதுவேதான் வந்தது. அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு, லயத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்து போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பிரிவுக்குள் நுழைந்தபோது ஸ்ரீகுமார் சார் எழுந்து நின்றார். எழுந்து நிற்க அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

“பிரச்சனை தீர்ந்நு!” என்றார். ஒன்பது பேரும் புன்னகைத்தார்கள். எனக்கும் ஒரு சாயா வந்தது.

“குட்டி, மத்த இன்ஸ்டிட்யூட் எல்லாம் நீளமான முகவரி வந்தா என்ன செய்யும்? வெட்டும், ஒடிக்கும், சுருக்கும். அது மேலோட்டமான சிகிச்சை. நாங்க வேருக்கே போனோம். அந்த ஃபைலையே வெப்சைட்லேந்நு எடுத்தாச்சு. ஃபைல் இல்ல, அப்போ முகவரி இல்ல. முகவரி இல்ல, அப்போ நீளம் இல்ல. மார்ஜின் சேஃப். இருபத்தியாறு வருஷ சர்வீஸ்ல எனக்கு இத்தரெ சந்தோஷம் உண்டாயிட்டில்ல.”

“சார், ஏழாம் லயம் இருக்கத் தகுதி இல்லன்னு எழுதியிருந்தது அந்த ஒரு ரிப்போர்ட்லதான்.”

“அது நமக்குத் தெரியுமல்லோ. நம்ம தானே எழுதியது. நமக்கே தெரிஞ்ச காரியத்துக்கு அடிக்குறிப்பு எதுக்கு?”

மேசையில் கண்ணாடிக் குண்டின் அடியில் என் சான்றிதழ் இருந்தது. பெயர் தெரிந்தது: பொன்செல்வி எம். எழுத்துப் பிழை இல்லை. அதன் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டிய உறுதிமொழி. மேற்படி முகவரி இல்லாத ஒன்று என்றும், அதிலிருந்து எதையும் நான் எடுத்தாளவில்லை என்றும், ஆகவே அந்த அறிக்கை முழுவதையும் அச்சிட்டு நான் சேர்த்திருந்த பின்னிணைப்பு நான்கு தேவையற்றது என்றும் அதில் இருந்தது. பக்கங்களை அறுத்தெடுக்கப் பகவதிப்பெருமாள் புது பிளேடு ஒன்றைக் காகிதம் பிரித்து வைத்திருந்தார். மணி இரண்டேகால். கல்லூரி ஆட்டோவில் பத்து நிமிடம்.

நான் மேசையிலிருந்த என் ஆய்வேட்டின் இரண்டு பிரதிகளையும் எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

“எந்தா இது? வெய்க்கூ. அது இன்ஸ்டிட்யூட்டின்றெ சொத்து!”

“ஏத்துக்கிட்டாத்தான சார் சொத்து? நீங்க இன்னும் ஏத்துக்கவே இல்லையே.”

அவர் விதிப் புத்தகத்தை எடுத்து விறுவிறுவென்று புரட்டினார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் குனிந்து பார்த்தார்கள். நான் சொன்னது சரிதான் என்று அவர்கள் கண்டுபிடித்த நேரம் நான் வராந்தாவில் இருந்தேன்.

பகவதிப்பெருமாள் மூச்சிரைக்கப் படியில் வந்து பிடித்தார். கையில் சான்றிதழ்.

“நில்லு பிள்ளே. ஒரு கையெழுத்துதான? போட்டுட்டு வாங்கிட்டுப் போ. வேல போயிரும்லா.”

“காலேஜுக்குக் காலையிலேயே போன் பண்ணிட்டேன் சார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கச் சொல்லிட்டேன்.”

“பின்ன என்னத்துக்கு இங்க வந்த?”

“இதை எடுக்கத்தான்.”

“இத வச்சி என்ன செய்யப் போற? ரெண்டு தடி புஸ்தகம்.”

“எங்க எஸ்டேட்ல மேனேஜர் பங்களா எட்டு வருஷமாப் பூட்டிக் கிடக்கு சார். நல்ல காங்கிரீட். ஏழாம் லயத்துல பதினாலு குடும்பம். இன்னிக்குப் பூட்டை உடைச்சு உள்ள போறோம். போலீஸ் வரும்ல? வந்தா கையில குடுக்க ஒரு பேப்பர் வேணும்.”

அவர் அம்மை குத்திய இடத்தைத் தடவுவதுபோலக் கையைத் தடவினார்.

“அது எந்தப் பக்கத்துல இருக்கு?”

பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்துப் பின்னிணைப்பு நான்கைத் திறந்து காட்டினேன். படியில் நின்றபடியே படித்தார். விரலை வைத்து, வரி வரியாக. பட்டியலில் மூன்றாவது பெயருக்கு வந்தபோது விரல் நின்றது. அடுத்த பக்கத்தையும் படித்தார்.

புத்தகத்தை மூடி என்னிடம் தந்தார். எக்ஸ்ரே படத்தை வைத்துப் பார்க்காமல் அவர் ஒரு பக்கத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

“மேல மழை பெய்யுதாட்டி?” என்று கேட்டார்.

“பெய்யுது சார்.”

“சரி. போ.”

இரண்டும் சேர்ந்து நாலு கிலோவுக்குக் குறையாது. பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டித் தம்பானூரைப் பார்த்து நடந்தேன். மூன்று மணி வித்துரா வண்டியைப் பிடித்தால் அங்கிருந்து பொன்முடி வண்டி கிடைக்கும். வெளிச்சம் இருக்கும்போதே மேலே எஸ்டேட்டுக்குப் போய்விடலாம்.